வலது பக்கம் காலியாக இருக்கட்டும்

அமீனா என்றுதான் எங்கள் நகரில் எல்லோரும் அவரைச் சொன்னோம். அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. நகர் குடியிருப்போர் சங்கப் பதிவேட்டில் அதை என் கையாலேயே டைப் அடித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே கூப்பிடப் போவதில்லை. விழுப்புரம் கோர்ட்டில் முப்பது வருஷம் அமீனாவாக இருந்தவர். சம்மன், நோட்டீஸ், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு, இதையெல்லாம் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிற உத்தியோகம். திருவெண்ணெய்நல்லூர் கரும்புக் காட்டிலிருந்து பனமலை ஏரிக்கரை வரைக்கும் அவர் பேப்பரோடு போய் நிற்காத ஊர் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு திண்டிவனத்தில் எங்கள் நகருக்கு வந்து, சின்னதாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு தனியாக இருந்தார்.

அவர் ஒரு வாசலில் நிற்பதை வைத்தே உத்தியோகத்தைச் சொல்லிவிடலாம். கதவுக்கு நேராக நிற்க மாட்டார். ஓரமாக ஒதுங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பவரின் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து இரண்டு முறை கூப்பிடுவார். தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டார். பேப்பரோடு போன வீட்டில் வாய் நனைக்கக் கூடாது என்பது அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கப் போனாலும் அப்பா பெயரோடுதான் கூப்பிடுவார். கறிவேப்பிலைக்கு எதற்கு சார் அப்பா பெயர் என்று நானே கேட்டிருக்கிறேன். "பழகிடிச்சி செயலாளரே" என்பார்.

செயலாளர் என்றது என்னைத்தான். நகர் முகப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், டைப் அடிக்கத் தெரியும். இந்த இரண்டு தகுதிக்காக என்னைப் பிடித்து அந்த நாற்காலியில் போட்டார்கள். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு.

எங்கள் நகர் முன்னொரு காலத்தில் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மனை போட்டு விற்றார்கள், வாங்கினோம், வீடு கட்டினோம். தெருவிளக்கு, கால்வாய், தண்ணீர் எதுவும் தானாக வரவில்லை. மனு கொடுக்கப் போனால், பதிவு செய்த சங்கமாக வாருங்கள் என்றார்கள். பதிவு செய்ய விதிகள் வேண்டும். எங்கள் தலைவர் லாரி செட் வைத்திருந்தவர், எதையும் பெரிதாகச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர். "விதின்னு போட்டா சின்னதா கீது. சாசனம்னு போடு" என்றார். நகர் சாசனம் என்று தடித்த எழுத்தில் போட்டேன். தலைப்பு தயார். உள்ளே என்ன எழுதுவது?

அங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். சென்னையில் என் மைத்துனர் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் விதிகளை வாட்ஸப்பில் வாங்கி, அந்தக் குடியிருப்பின் பெயர் வந்த இடத்திலெல்லாம் எங்கள் நகரின் பெயரைப் போட்டு அச்சடித்துவிட்டேன். படித்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயில் கொட்டகையில் கூட்டம். ஒவ்வொரு விதியாக நான் வாசிக்க, கூட்டம் கை தூக்கி ஏற்க வேண்டும். நான்காவது விதியிலேயே லிஃப்ட் வந்துவிட்டது. சிறுவர்கள் லிஃப்டில் தனியாகப் போகக் கூடாதாம். எங்கள் நகரில் மாடி வைத்த வீடே ஐந்தாறுதான். நிறுத்தினால் மானம் போய்விடும் என்று வேகமாக வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கை தூக்கினார்கள். ஏழாவது விதி நீச்சல் குளத்துக்கு நேரம் ஒதுக்கியது. அதற்கும் கை தூக்கினார்கள். மூலையில் போண்டா ஆறிக்கொண்டிருந்ததால், கையை இறக்காமலே சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்ததாக வந்தது கால்நடை விதி. நகருக்குள் கால்நடை வளர்க்கக் கூடாது, வளர்ப்பவர் பதினைந்து நாளில் அப்புறப்படுத்த வேண்டும். இதற்கு மட்டும் நானும் மனசாரக் கை தூக்கினேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கடைசி வரிசையிலிருந்து அமீனா எழுந்தார். "இது மொதல்ல யார் மேல விழும்?" என்றார்.

தலைவருக்குப் புரியவில்லை. "இன்னா அமீனா சார்?"

"மாடு வளக்கக் கூடாதுன்னு எழுதிக்கிறீங்க. நம்ம நகர்ல மாடு வச்சிக்கினு இருக்கறது யாரு?"

சிலர் போண்டா பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"காலைல காபி குடிச்சீங்களே, பால் யார்கிட்ட வாங்கினீங்க?"

எல்லோரும் ஒரே ஆளிடம்தான் வாங்கியிருந்தோம். பால்காரம்மா என்போம் அவரை. நாலு மாடு. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தார், காலேஜ் படிக்கிற ஒரு மகள், வேறு வருமானம் கிடையாது. அந்த விதி வந்தால் மாட்டையும் மகளையும் கூட்டிக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அவர் பாலைக் குடித்துவிட்டு வந்து அவருக்கு எதிராகக் கை தூக்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உறைத்தும் கையை இறக்க ஒருவருக்கும் மனசில்லை.

"அஞ்சு மணிக்குக் கூட்டம் வச்சிக்கிறீங்க. அந்தம்மா இப்ப பால் கறந்துக்கினு இருப்பாங்க. அவங்களுக்குப் படிச்சிக் காட்டாம இதுக்கு எப்படிக் கை தூக்கறது?" என்றார் அமீனா.

"பேஜாரா போச்சி உங்களோட. அப்ப நீங்களே போய்ப் படிச்சிக் காட்டுங்க" என்றார் தலைவர், எரிச்சலில். அமீனா அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை, உத்தரவாக எடுத்துக்கொண்டார். கூட்டம் தள்ளிப் போனது. தள்ளிப் போனது எட்டு மாசம்.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு பால்காரம்மா வீட்டுக்குப் போனார். அந்தம்மா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை. மாடுகளை அங்கேதான் கட்டுவார். என் வீட்டுச் சுவரோரம் சாணி, மூத்திரம், சாயங்காலமானால் கொசு. நான் மனசாரக் கை தூக்கிய காரணம் இதுதான்.

அமீனா வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். பால்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அமீனாவைப் பார்த்தார், அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். நேராகக் காலி மனைக்குப் போய் முதல் மாட்டின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இன்னாம்மா பண்றே?" என்றார் அமீனா.

"எத்தினி நாளு குடுத்துக்கிறாங்க சார்?" முடிச்சை அவிழ்த்துக்கொண்டேதான் கேட்டார். "வெள்ளிக்கெழம வரிக்கும் இருந்தா வண்டி சொல்லிடுவேன். அந்த வாட்டி அன்னிக்கே போவச் சொன்னீங்க."

"எந்த வாட்டி?"

"விழுப்புரத்துல. ரயில்வே லைன் பக்கம் எங்க அப்பா வூடு. நீங்கதான் வந்தீங்க. இதே மாதிரி ஓரமா நின்னுக்கினு எங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்ட்டீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது சார். எத்தினி வூட்டுக்குப் போயிருப்பீங்க."

அமீனாவுக்கு ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, என்னை ஏன் இழுத்து வந்தார் என்று கோபமாகவும் இருந்தது. அமீனா தாளை அந்தம்மாவிடம் நீட்டினார்.

"இது முடிஞ்ச பேப்பர் இல்லம்மா. யாரும் கையெழுத்து போடல. உனக்கு ஒத்துக்காதுன்னா ஒத்துக்காதுன்னு சொல்லலாம். அதைக் கேக்கத்தான் வந்துக்கிறேன்."

பால்காரம்மா நம்பவில்லை. தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் படிப்பு உண்டு. நான் காகிதத்தை மிச்சம் பிடிக்க ஓரத்திலிருந்து ஓரம்வரை நெருக்கி அடித்திருந்தேன்.

"நான் சொல்றதை இதுல எங்க சார் எழுதுவீங்க? எடமே இல்லியே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அமீனா தாளை வாங்கிக்கொண்டார். என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து வேகவைத்த மல்லாட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். தோல் பாதி தரையில், பாதி என் கீபோர்டில். நான் ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"செயலாளரே, எல்லாத்தையும் திருப்பி அடி. விதியை இடது பக்கம் பாதில அடி. வலது பக்கம் காலியா இருக்கட்டும்."

"காகிதம் ரெட்டிப்பா ஆவும் சார்."

"ஆவட்டும்."

"காலியா உட்டா பார்க்க நல்லாவா இருக்கும்? சாசனம்னு பேரு வேற வச்சிக்கினு."

அவர் உரித்த மல்லாட்டையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "முப்பது வருஷம் நான் எடுத்துக்கினு போனதெல்லாம் முடிஞ்ச பேப்பர். அழுதாலும் முடிஞ்சதுதான், கால்ல விழுந்தாலும் முடிஞ்சதுதான். படிச்சிக் காட்டிட்டு வந்துடுவேன். ஒரு வாட்டியாச்சும் முடியறதுக்கு முன்னாடி எடுத்துக்கினு போறேன். நீ அடி."

அடித்தேன். சொல்வதைச் சொல்லிவிடுகிறேன், அதுவரை எனக்கு அவர் ஒரு தொந்தரவு பிடித்த கிழவர். அன்றையிலிருந்து அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. தொந்தரவு மட்டும் குறையவில்லை.

தலைவர் ஒரு யோசனை சொன்னார். தினம் தினம் கதவு கதவாக ஏன் அலைய வேண்டும், நகர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டால் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். அமீனா கேட்டுவிட்டுச் சொன்னார், "ஆளு இல்லாத வூட்ல நோட்டீஸைக் கதவுல ஒட்டிட்டு வருவோம். ஒட்டினதை எவனும் படிச்சி நான் பார்த்ததில்ல. குரூப்ல போடறதும் அதான்."

ஒவ்வொரு விதிக்கும் அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். இது முதலில் யார் மேல் விழும்? ஆளைக் கண்டுபிடித்தபின் அந்த வாசலில் போய் ஓரமாக நின்று, கோர்ட்டில் வாசிக்கிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் இடது பக்கத்தை வாசிப்பார். பிறகு வலது பக்கத்தில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார். திருத்த மாட்டார். கழிவுநீரைத் தெருவில் விடக் கூடாது என்ற விதிக்கு நேராக, கடைசித் தெரு வீட்டுக்காரர் சொன்னது இப்படி இருந்தது: "தெருவுல உடாம எங்க தலையிலயா ஊத்திக்கறது? எங்க தெருவுக்குக் கால்வாயே இல்ல." ஸ்பீக்கர் கட்டுகிறவர், பரீட்சை மாசத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறேன், ஆடி மாசத்தில் மூன்று நாள் மட்டும் என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். லிஃப்ட் விதியும் நீச்சல் குள விதியும் யார் மேலும் விழாததால் தாமாகவே செத்தன. முப்பத்தெட்டு விதி பதினாறானது. கடைசித் தெருவுக்கு முதலில் கால்வாய், பிறகுதான் தடை என்று விதியே திரும்பியது. எங்கள் சாசனத்தில் பாதி அந்த வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு இடம் மாறி வந்ததுதான்.

ஆனால் ஒரு தாளில் மட்டும் வலது பக்கம் காலியாகவே கிடந்தது. பால்காரம்மாவின் தாள். அமீனா பத்துப் பதினைந்து முறையாவது போயிருப்பார். ஒவ்வொரு முறையும் அந்தம்மா "அப்புறம் சொல்றேன் சார்" என்று அனுப்பிவிடுவார். ஒருமுறை என் காதுபடவே சொன்னார், "நான் இன்னா சொன்னா இன்னா சார், நடக்கறது நடக்கத்தானே போவுது." அமீனா வற்புறுத்தவில்லை. "காலியாவே இருக்கட்டும். நீ சொல்ற வரிக்கும் இது முடியாது" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காலி மனைகளில் முள் மண்டாமல் அதன் சொந்தக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மாடு கட்டும் மனையின் சொந்தக்காரர் கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் வேலை. ஒரு தாளைத் தபாலில் அனுப்பினால் போதாதா என்றேன். அமீனா என்னைப் பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கோட்டக்குப்பத்தில் அவருடைய மனைவி வீடியோ கால் போட்டு போனைக் கொடுத்தார். அமீனா போனுக்கும் நேராக நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றார். அந்தப் பக்கம் தெரிந்தது அவருடைய ஒரு காது மட்டும்தான். செருப்பையும் கழற்றியிருந்தார்.

விதியை வாசித்து முடித்ததும் துபாய்க்காரர் சிரித்தார். "நான் இங்க இருந்துக்கினு அங்க எப்படி சார் முள்ளு வெட்டறது? மனை வாங்கி இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் என்னை ஒரு ஆளா மதிச்சி வந்து கேட்டுக்கிறீங்க."

"உங்க மனைல ஒரு அம்மா மாடு கட்டுது. அது உங்களுக்குத் தெரியுமா?" என்று அமீனா கேட்டார். எனக்குப் பகீர் என்றது. இதை இப்போது எதற்குச் சொல்ல வேண்டும்?

துபாய்க்காரர் திருப்பிக் கேட்டார். "மாடு கட்டினா முள்ளு வளருமா?"

"வளராது."

"அப்ப கட்டிக்கட்டும். நான் வூடு கட்ட வர்றதுக்கு மூணு மாசம் முன்ன சொல்றேன், எடுத்துடணும். இதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். துபாய்க்காரரின் மனைவி கொடுத்த டீயை அமீனா தொடவில்லை. இரண்டு கிளாஸையும் நானே குடித்தேன்.

எல்லாவற்றிலும் கடினமானது ஓட்டு விதி. சென்னைக்காரர்களின் தாளில், வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டில்லை என்று இருந்தது. அது யார் மேல் விழுந்ததோ அந்த வாடகைக்காரர்களிடம் அமீனா கேட்டு வந்ததில், உண்டு என்று மாறியிருந்தது. அப்படி மாறினால் அது வீட்டுச் சொந்தக்காரர்கள் மேல் விழும் என்று சொல்லி, மறுபடியும் எங்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்தார். தலைவர் கொதித்துப் போனார்.

"வாடகைக்காரன் இன்னிக்கு இருப்பான், நாளைக்குக் காலி பண்ணிக்கினு பூடுவான். அவன் கை தூக்கிட்டுப் போவான், நாம ஆயுசுக்கும் அனுபவிக்கணுமா?"

அமீனா அதை ஒரு சொல் விடாமல் வலது பக்கத்தில் எழுதினார். அப்போது உள்ளேயிருந்து தலைவரின் மனைவி வந்தார். "நம்ம பையன் பெங்களூர்ல பதினோரு வருஷமா வாடகைக்குத்தானே இருக்கான்? அவன் எந்த நாளைக்குக் காலி பண்ணான்?"

அமீனா பேனாவைத் தூக்கினார். "அம்மா, இதையும் எழுதிக்கட்டுங்களா?"

"எழுதுங்க. அவருக்குக் கீழேயே எழுதுங்க."

கடைசியில் கூட்டம் கூடியபோது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. காலைப் பால் முடிந்து, சாயங்காலப் பாலுக்கு நேரம் இருந்த வேளை. அப்போதும் ஒரு சிக்கல். வாடகைக்காரர்களுக்கு ஓட்டு உண்டா என்பதைத் தீர்மானிக்கும்போது அவர்களே கை தூக்க முடியாது அல்லவா? அது முடிகிறவரை அவர்கள் கொட்டகைக்கு வெளியே நிற்கட்டும் என்றார்கள். பூவரச மர நிழலில் நின்றார்கள், பால்காரம்மாவும் அவர்களோடு. அமீனா விதியை வாசித்தார். பிறகு வலது பக்கத்தை வாசித்தார். யார் பக்கமும் சாயாமல், தலைவர் சொன்னதையும் அதற்குக் கீழே அவர் மனைவி சொன்னதையும் ஒரே குரலில் வாசித்தார். கொட்டகை சிரித்தது. தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். கைகளை இரண்டு முறை எண்ணினோம். வீட்டுக்காரர்கள் பெரும்பாலோர் கை தூக்கியிருந்தார்கள். தலைவர் தானே எழுந்து வெளியே போய், "உள்ள வாங்க, வந்து குந்துங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் இன்றுவரை தலைவர் என்றே கூப்பிடுகிறேன்.

அடுத்தது கால்நடை விதி. அமீனா இடது பக்கத்தை வாசித்தார். பதினைந்து நாளில் அப்புறப்படுத்த வேண்டும் என்ற இடம் வரை வாசித்துவிட்டு, தாளைக் கூட்டத்துக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தார்.

"வலது பக்கம் காலியா கீது. காலியா இருக்கற வரிக்கும் இதை நான் ஓட்டுக்கு உடமாட்டேன்."

தலைவர் வாட்சைப் பார்த்தார், மனைவி முறைத்ததும் கையைக் கீழே போட்டார். அமீனா தாளைப் பிடித்தபடியே நின்றார். கை வலித்திருக்கும். பால்காரம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலையாகிவிட்டது. கொசுவெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அவர் எழுந்தார்.

"நாலு மாடு வச்சிக்கிறேன். எல்லாம் சேத்து அஞ்சி உருப்படிக்கு மேல போவ மாட்டேன். தெருவுல கட்ட மாட்டேன். விடியறதுக்குள்ள சாணிய அள்ளிடறேன். மூத்திரம் தேங்காம மண்ணு போட்டு மேடாக்கிடறேன். துபாய்க்காரரு வந்தாருன்னா எடத்தை உட்டுடறேன்." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நின்றார்.

அமீனா எழுதி முடித்தார். பழக்கம் விடவில்லை. "இது யார் மேலம்மா விழும்?"

"என் மேலதான் விழும். நான்தானே சொல்றேன், எழுதுங்க."

நாங்கள் எட்டு மாசமாக எழுதிய எந்த விதியும் இவ்வளவு கறாராக இல்லை. இடது பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு அவர் சொன்னதையே விதியாக ஓட்டுக்கு விட்டார்கள். கைகள் எழுந்தன. பால்காரம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "நானும் தூக்கலாமா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். தூக்கினார். அமீனா முகத்தைக் கொட்டகைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்று என்னிடம் சொன்னார்.

மாலையில் அவர் பால்காரம்மா வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். கையில் பேப்பர் இல்லை. ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடித்தார். அவர் எங்கள் நகரில் ஒரு வீட்டில் டீ குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பதிவு அலுவலகத்தில் இருப்பது சுத்தமாக அடித்த பிரதி. எங்கள் சங்கத்து அலமாரியில் இருப்பது அவர் கையெழுத்து நிறைந்த பாதிப் பக்கத் தாள்கள். ஏதாவது தகராறு வந்தால் நாங்கள் எடுத்துப் பார்ப்பது இதைத்தான். அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். கடைசி நாட்களில் விழுப்புரத்தில் மகள் வீட்டுக்குப் போனார், அங்கேயே இறந்தார். வேன் பிடித்துக்கொண்டு நகரிலிருந்து எல்லோரும் போனோம். நல்ல மனுஷன் என்று எல்லோருக்கும் சொல்வதைப்போல இவரைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பிடிவாதக்காரர். அவர் பிடிவாதத்தால்தான் எங்கள் நகரில் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசுகிறோம்.

போன மாசம் பால்காரம்மா கடைக்கு வந்தார். நடுவில் ஐந்தாவதாக ஒரு மாடு வாங்கியிருந்தார். அது இப்போது கன்று போட்டிருந்தது.

"கன்னோட சேத்து ஆறு ஆச்சி. விதியை மாத்தணும். அடிச்சிக் குடுங்க."

"கன்னுக்குட்டியை எல்லாம் யாரும்மா எண்ணப் போறாங்க? உடுங்க" என்றேன்.

"நான் எண்ணிட்டேனே."

அடித்தேன். வலது பக்கத்தைச் சொல்லாமலே காலியாக விட்டேன். தாளைக் கையில் வாங்கியவர் கிளம்பவில்லை. என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, அதில் இருந்ததை மனப்பாடமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது மொதல்ல உங்க மேலதான் விழுது. கன்னை உங்க செவுத்தோரமாத்தான் கட்டணும், வேற எடம் இல்ல. இன்னா சொல்றீங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"நெசமா சொல்லுங்க."

சொன்னேன். கொசுவைச் சொன்னேன், மழை நாளில் வரும் நாற்றத்தைச் சொன்னேன், என் மனைவி ஜன்னலைத் திறப்பதே இல்லை என்பதைச் சொன்னேன். இத்தனை வருஷம் பால் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கியதாகவும் இருந்தது.

"எழுதுங்க" என்று பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுதி முடிக்கும்வரை நின்றார். வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "நாயந்தான்" என்றார். தாளை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தலைவர் வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.